பட்டியலை நெட்டுவாக்கில் வெட்டுவது எப்படி? எடிட்டரில் செலக்ட் செய்யக் கற்கும் புதியவர்களுக்கு

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கிறார்களோ இல்லையோ, மே கடைசியிலேயே எங்கள் பக்கம் பட்டியல் வேலை தொடங்கிவிடும். குறுவைக்கு யாருக்கு விதை, எந்த ரகம், எந்த சர்வே எண், எத்தனை ஏக்கர் என்று ஊர் ஊராக எழுதிக்கொண்டு வருவார்கள். நீடாமங்கலம், கொரடாச்சேரி, வலங்கைமான் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர்களில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான் அதைத் தட்டச்சு செய்து, ஒழுங்குபடுத்தி, அச்செடுத்துக் கொடுப்பது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எக்செல்லிலேயே செய்தால் என்ன என்று கேட்பீர்கள். சர்வே எண் 12/3 என்று இருந்தால், கோப்பைத் திறந்ததும் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். 04366 என்ற திருவாரூர் தொலைபேசிக் குறியீட்டில் முன்னால் இருக்கும் சைபர் போய்விடும். 16 இலக்க எண் எதுவாக இருந்தாலும் கடைசி இலக்கம் சைபராகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம்வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். அதனால் முதல்கட்ட வேலையைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் முடித்துவிட்டு, கடைசியில் எக்செல்லுக்குப் போவதுதான் நல்லது. போகும்போதும் அந்த நெடுவரிசைகளை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்து இறக்குமதி செய்ய வேண்டும்.

ஆனால் எடிட்டரில் ஒரு சிக்கல் இருக்கிறது. எதைச் செலக்ட் செய்கிறோம், அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாமல் கைவைத்தால் பட்டியலே நகர்ந்துவிடும். எனக்கு நடந்தது: 412 வரிகள் உள்ள பட்டியல். சர்வே எண்களை மட்டும் தனியாக வெட்டி வேறொரு கோப்பில் வைத்துத் திருத்தினேன். 174-ஆவது வரியில் இருந்தவர் குத்தகைக்காரர், அவர் பெயருக்கு நேரே எண் இல்லை. அந்த வெற்று வரியைத் தேவையில்லாதது என்று நினைத்து நீக்கிவிட்டுத் திரும்ப ஒட்டினேன். அங்கிருந்து கடைசிக்கு முந்தைய வரிவரை 238 பேருக்கு அடுத்த வரிக்காரரின் வயல் எண் வந்து உட்கார்ந்துவிட்டது. கடைசி வரி மட்டும் எண் இல்லாமல் நின்றதால்தான் கண்ணில் பட்டது. அதற்குள் இரண்டு படி அச்சாகி, ஒன்று ஊருக்கும் போய்விட்டது. போய் வாங்கி வந்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அந்த வேலை உங்களுக்கு வர வேண்டாம்.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம்

நோட்பேட் பிளஸ் பிளஸ், வி.எஸ். கோடு என்ற டெக்ஸ்ட் எடிட்டர்கள், லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பு மூன்றுமே இலவசம். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அரசு கொடுத்த பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் நோட்பேட் பிளஸ் பிளஸ் போட்டுக்கொள்ளுங்கள், அது இலேசானது. வி.எஸ். கோடு கொஞ்சம் நினைவகம் தின்னும்.

கையில் இருக்க வேண்டியவை: கையெழுத்தில் வந்த மூலப்பட்டியல், தட்டச்சு செய்த கோப்பு, அந்தக் கோப்பின் தொடாத நகல் ஒன்று. நகலின் பெயரில் ‘மூலம்’ என்று சேர்த்துத் தனி ஃபோல்டரில் வையுங்கள். கண்ட்ரோல் இசட் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். கோப்பை மூடித் திறந்தால் நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் அது பின்னால் போகாது, டெல்டாவில் மின்வெட்டுக்கு நேரம் காலமும் கிடையாது.

நானூறு வரிப் பட்டியலில் ஒரு நெடுவரிசையைக் கையால் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினால் அரை நாள் போய்விடும். கீழே சொல்லும் முறையில் எனக்கு இப்போது சரிபார்ப்பையும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகிறது, அதில் பாதிக்கு மேல் சரிபார்ப்புதான்.

2. கோப்பு யூனிகோடா என்று பாருங்கள்

எடிட்டரின் கீழ்ப்பட்டையில் யு.டி.எஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்று இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, எழுத்து தமிழாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். பழைய அச்சகங்களிலிருந்து வரும் கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். எடிட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரியும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளியே ஆங்கில அரைப்புள்ளிக் குறியாகத்தான் கோப்பில் இருக்கும். ஒரு சொல்லை இரட்டைக் கிளிக் செய்தால் அந்தக் குறி வந்த இடத்தில் செலக்ஷன் நின்றுவிடும், பாதிச் சொல்தான் கையில் வரும். அதனால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

3. ஒரே வேலைக்கு ஐந்து பெயர்

நான் மிகவும் திண்டாடியது இங்கேதான். பட்டியலில் குறுக்காக வரி வரியாக இல்லாமல், நெட்டுவாக்கில் ஒரு பட்டையை மட்டும் செலக்ட் செய்ய வேண்டும். அதற்கு என்ன பெயர் என்று தெரியாததால் எந்த மெனுவில் தேடுவது என்றே தெரியவில்லை. ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்:

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் ‘காலம் மோட்’. இது பொழுதைக் குறிக்கும் காலம் இல்லை, நெடுவரிசைக்கான ஆங்கிலச் சொல். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மவுஸை இழுக்க வேண்டும்.

வி.எஸ். கோடில் ‘காலம் செலக்ஷன் மோட்’. ஷிஃப்ட்டும் ஆல்ட்டும் சேர்த்து அழுத்தி இழுக்க வேண்டும். மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்திக்கொண்டு இழுத்தாலும் வரும், எனக்கு இதுதான் வசதி.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ‘பிளாக் ஏரியா’. எடிட் மெனுவில் செலக்ஷன் மோட் என்பதற்குள் இருக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்8 மூன்றும் சேர்த்து அழுத்தினாலும் வரும்.

வேர்டில் மெனுவில் தேடாதீர்கள். ஆல்ட்டை அழுத்தி இழுப்பது, அல்லது ரைட்டரில் சொன்ன அதே மூன்று விசைகள்.

விம் என்ற எடிட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கு ‘விஷுவல் பிளாக்’, கண்ட்ரோல் வி. விண்டோஸில் சில அமைப்புகளில் கண்ட்ரோல் வி ஒட்டும் விசையாகிவிடும், அப்போது கண்ட்ரோல் க்யூ.

இவை தவிர ‘ரெக்டாங்குலர் செலக்ஷன்’ என்றும் சில இடங்களில் பார்ப்பீர்கள், அதுவும் இதேதான்.

பெயர் வேறாக இருந்து வேலை ஒன்றாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரே செயல் இடத்துக்கு இடம் வேறு வேலை செய்வதுதான் ஆபத்து. மூன்று தடவை கிளிக் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் முழு வரி செலக்ட் ஆகும். வேர்டில் முழுப் பத்தி. ரைட்டரில் ஒரு வாக்கியம் மட்டும், பத்திக்கு நான்காவது கிளிக் வேண்டும். வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை அது முற்றுப்புள்ளியை வைத்துத்தான் பார்க்கிறது. நம் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் தலைப்பெழுத்தும் புள்ளியும் இருக்கிறதா, அங்கேயே வாக்கியம் முடிந்ததாக எடுத்துக்கொண்டு தலைப்பெழுத்தை விட்டுவிடும். பெயரை வெட்டினோம் என்று நினைத்திருப்போம், தலைப்பெழுத்து பழைய இடத்திலேயே கிடக்கும்.

சர்வே எண்ணை இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். 12/3-இல் 12 மட்டும்தான் செலக்ட் ஆகும், சாய்கோட்டில் நின்றுவிடும்.

4. ஆல்ட் ஷிஃப்ட் தகராறு

தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்கிற எல்லோருக்கும் இது வரும். விண்டோஸில் இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் விசைப்பலகை மொழி மாறும். வி.எஸ். கோடில் நெட்டுவாக்கில் செலக்ட் செய்வதற்கும் அதே இரண்டு விசைகள். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் மவுஸ் இல்லாமல் அம்புக்குறியால் செலக்ட் செய்யவும் அதே இரண்டுதான். பட்டையைச் செலக்ட் செய்துவிட்டு ஆங்கிலத்தில் அடிக்கத் தொடங்கினால் நடுவில் தமிழ் எழுத்து விழும், அதுவும் செலக்ட் செய்த எல்லா வரியிலும் ஒரே சமயத்தில் விழும்.

தீர்வு: விண்டோஸ் அமைப்புகளில் தட்டச்சுப் பகுதிக்குப் போய், மேம்பட்ட விசைப்பலகை அமைப்புகளுக்குள் மொழி மாற்றும் குறுக்குவிசையை எடுத்துவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் போதும். இரண்டு நிமிட வேலை. இன்றைக்கே செய்துவிடுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு மாதிரி. சில டெஸ்க்டாப்களில் ஆல்ட்டை அழுத்தி இழுத்தால் ஜன்னலே நகரும். சாளர அமைப்புகளில் அந்த விசையை மாற்றிக்கொள்ளலாம்.

5. வெட்டுவதற்கு முன் வரிசை எண் போடுங்கள்

எனக்கு நடந்த பிழையைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே படி இதுதான், அதனால் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் முதல் வரியின் தொடக்கத்தில் கர்சரை வையுங்கள். எதையும் செலக்ட் செய்ய வேண்டாம். ஆல்ட் சி அழுத்தினால் ‘காலம் எடிட்டர்’ என்ற பெட்டி வரும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் காலம் மோட் வேறு, காலம் எடிட்டர் வேறு: முன்னது செலக்ட் செய்யும், பின்னது நிரப்பும். அதில் எண் நுழைக்கும் பகுதியில் தொடக்கம் 1, கூட்டல் 1 என்று கொடுத்து, முன்னால் சைபர் போடும் தெரிவையும் தேர்ந்தெடுங்கள். 001, 002 என்று கடைசி வரிவரை தானாக இறங்கும். சைபர் இருந்தால்தான் 9-க்கும் 10-க்கும் அகலம் மாறாது.

அடுத்து, வெறுமையாக இருக்கும் இடம் எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று எழுதுங்கள். குத்தகைக்காரருக்கு சர்வே எண் இல்லையா, ‘இல்லை’. ரகம் முடிவாகவில்லையா, அங்கேயும் ‘இல்லை’. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் விட்ட வெற்று வரிகளை இந்தக் கட்டத்திலேயே எடுத்துவிட்டு வரிசை எண்ணைத் திரும்பப் போடுங்கள். பட்டையை வெட்டிய பிறகு எந்த வரியையும் நீக்கக் கூடாது, சேர்க்கவும் கூடாது.

6. நெட்டுவாக்கில் வெட்டுவது

முதலில் வேர்ட் ராப்பை அணையுங்கள். நீளமான வரி திரையில் இரண்டாக மடங்கித் தெரிந்தால் பட்டை எங்கே போகிறது என்று தெரியாது.

இனி நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் வரும் எழுத்துருவை வைத்துக்கொண்டால் நெடுவரிசைகள் நேராக நிற்கும். தமிழில் அப்படி இல்லை. ‘ர’ ஒரு விரற்கடை என்றால் ‘ணௌ’ நான்கு விரற்கடை. எடிட்டரில் எந்த எழுத்துரு வைத்திருந்தாலும் தமிழுக்கு நிர்மலா, லதா போன்ற ஒன்றைத்தான் அது எடுத்துப் போடும். ஆகவே ஊர்ப் பெயருக்கு வலதுபக்கம் இருப்பது எதுவும் நேர்கோட்டில் இருக்காது. நோட்பேட் பிளஸ் பிளஸ் திரையில் தெரிகிற இடத்தை வைத்து நேராக வெட்டும், அதனால் ஒரு வரியில் சர்வே எண்ணின் பாதியும் இன்னொரு வரியில் ஊர்ப் பெயரின் வாலும் மாட்டும். வி.எஸ். கோடு எழுத்தை எண்ணிப் போகும், பார்ப்பதற்குக் கோணல்மாணலாக இருக்கும்.

இதற்கு நான் கண்ட வழி: தட்டச்சு செய்யும்போதே எண்களை இடதுபக்கம் வையுங்கள். வரிசை எண், சர்வே எண், ஏக்கர், அதன்பிறகு ரகம், ஊர், பெயர். சர்வே எண் நீளம் மாறும் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே இடம் விட்டு ஸ்பேஸ் போட்டு நிரப்புங்கள், டேப் வேண்டாம். டேப் திரையில் பல இடம்போலத் தெரிந்தாலும் உள்ளே ஒற்றை எழுத்து, பட்டையின் விளிம்பு அதன் நடுவில் விழுந்தால் என்ன வெட்டப்பட்டது என்று புரியாது. இப்படி எண்கள் இடதில் இருந்தால் பட்டை கச்சிதமாக வரும்.

ஏற்கெனவே பெயர் முன்னால் இருக்கும்படி அடித்த கோப்பு வந்தால்? நெட்டுவாக்கில் வெட்ட முயலாதீர்கள். இடையில் காற்புள்ளியோ டேப்போ சீராக இருந்தால் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் எல்லா நெடுவரிசையையும் டெக்ஸ்ட் என்று குறித்துத் திறந்து, வரிசையை மாற்றி எடுங்கள்.

வெட்டும்போது குட்டை வரிகளைக் கவனியுங்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் வரி முடிந்த பிறகு உள்ள வெற்றிடத்துக்குள்ளும் பட்டை போகும். வி.எஸ். கோடில் வரி முடிந்த இடத்தோடு நின்றுவிடும். ‘இல்லை’ என்று நிரப்பியிருந்தால் இரண்டிலும் தொல்லை இல்லை.

7. ஒட்டும்போது நடப்பது

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் பட்டையாக எடுத்ததை அதிலேயே ஒட்டினால் கர்சர் இருக்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கிப் பட்டையாகவே இறங்கும். நடுவில் வேறு எங்காவது ஒட்டி, திருத்தி, சாதாரணமாகச் செலக்ட் செய்து திரும்பக் கொண்டுவந்தால் அது பட்டை இல்லை. மொத்தமும் ஒரே வரிக்குள் நுழைந்து எல்லாவற்றையும் கீழே தள்ளும். திரும்பக் கொண்டுவருவதற்கும் பட்டையாகவே செலக்ட் செய்யுங்கள்.

வி.எஸ். கோடில் பட்டை என்பது உண்மையில் வரிக்கு ஒரு கர்சர். நகலெடுத்த வரிகளும் இப்போது நிற்கும் கர்சர்களும் ஒரே எண்ணிக்கையில் இருந்தால் ஆளுக்கொன்றாகப் பிரித்துப் போடும். ஒன்று குறைந்தாலும் போச்சு, ஒவ்வொரு கர்சரிலும் முழுப் பட்டியலையும் ஒட்டிவிடும். 411 கர்சரில் 412 வரியை ஒட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். அப்படி ஆனால் பதறாமல் கண்ட்ரோல் இசட் அழுத்துங்கள், எண்ணிக்கை எங்கே குறைந்தது என்று தேடுங்கள். இன்னொன்று: எதையும் செலக்ட் செய்யாமல் கண்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் வி.எஸ். கோடு அந்த முழு வரியையும் வெட்டிவிடும்.

முடித்ததும் எஸ்கேப். வேர்டில் எஃப்8 தெரியாமல் பட்டுவிட்டால் கர்சர் போகிற இடமெல்லாம் செலக்ட் ஆகிக்கொண்டே போகும், அதற்கும் எஸ்கேப்தான். வி.எஸ். கோடில் காலம் செலக்ஷன் மோடை மெனுவிலிருந்து போட்டிருந்தால் அங்கேயே போய் அணைக்க வேண்டும், கீழ்ப்பட்டையில் அது எழுதியிருக்கும்.

8. ஒரே சொல்லை எல்லா இடத்திலும் பிடிப்பது

வி.எஸ். கோடில் கண்ட்ரோல் டி அழுத்த அழுத்த அதே சொல்லின் அடுத்த இடம் சேர்ந்துகொண்டே வரும். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் 8.6 பதிப்பு முதல் எடிட் மெனுவில் ‘மல்டி செலக்ட்’ என்று இருக்கிறது.

‘ஆடுதுறை’ என்பது ஊரும்தான், நெல் ரகமும்தான். ரகத்தை ‘ஏ.டி.டி 36’, ‘ஏ.டி.டி 43’ என்று மாற்றச் சொன்னார்கள் என்று எல்லா ஆடுதுறையையும் ஒரேயடியாகப் பிடித்தால் ஆடுதுறைக்காரர்களின் ஊரும் ஏ.டி.டி ஆகிவிடும். ‘ஆடுதுறை’யோடு அடுத்து வரும் ஸ்பேஸையும் எண்ணின் முதல் இலக்கத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். ஒவ்வொன்றாக கண்ட்ரோல் டி அழுத்திப் பார்த்துக்கொண்டே போவது இன்னும் நல்லது.

புள்ளியில் முடியும் சொற்களில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ‘திருவாரூர்’ என்று தேடினால் ‘திருவாரூரில்’ கிடைக்காது, ஏனென்றால் கோப்பில் புள்ளி ஒரு தனிக் குறி, வேற்றுமை உருபு சேர்ந்ததும் அது போய்விடுகிறது. தேடல் பெட்டியில் புள்ளி இல்லாமல் ‘திருவாரூர’ என்று அடியுங்கள், இரண்டும் வரும். கும்பகோணத்துக்கு ‘கும்பகோண’ வரை போதும். குறுவை, தாளடி, சம்பா போன்றவை உயிரில் முடிவதால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு ஊர் மட்டும் அகப்படவில்லையா? அதைச் செலக்ட் செய்து கீழ்ப்பட்டையில் எண்ணிக்கையைப் பாருங்கள். ‘கொரடாச்சேரி’ நம் கணக்கில் ஆறு எழுத்து, எடிட்டர் கணக்கில் 11. அங்கே 12 என்றோ 13 என்றோ காட்டினால், ‘கொ’வின் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன, அல்லது கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். சில மாற்றிகள் ‘கொ’வை இப்படி இரண்டு துண்டாகப் போட்டுவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அந்தத் தவறான சொல்லைக் கோப்பிலிருந்தே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டி, மாற்றுப் பெட்டியில் நீங்களே சரியாகத் தட்டச்சு செய்து, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

9. கொடுப்பதற்கு முன்

மொத்த வரிகள் மூலத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசி வரியில் எல்லா விவரமும் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். வெட்டிய பட்டையோடு வரிசை எண்ணும் போயிருந்தால் இரண்டு கோப்பிலும் 174 எதிரே 174 நிற்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் ஒரு சாம்பிள் சோதனை. முதல் வரி, கடைசி வரி, ‘இல்லை’ என்று எழுதிய ஒவ்வொன்றுக்கும் அடுத்த வரி, இடையில் நாலைந்து. ஊரிலிருந்து பட்டியல் கொண்டுவந்தவரையே பக்கத்தில் உட்காரவைத்து, ‘அண்ணே, அடங்கலைப் பார்த்துச் சொல்லுங்க’ என்று கேளுங்கள். அந்தச் சாகுபடிப் பதிவேட்டை அவர் வாசிக்க, நீங்கள் திரையைப் பாருங்கள். யார் வயல் எங்கே இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம், எண் மாறியிருந்தால் உடனே பிடித்துவிடுவார். அச்சுக்கு அனுப்புவது அதற்குப் பிறகுதான்.